சுவருக்கு மேலே தெரிந்த முகம்

உரோமாபுரியின் தெற்கு வாயிலைக் கடந்து செல்லும் கல் பாவிய இராஜபாட்டையின் இரு மருங்கிலும், உயிருள்ளோரின் மாளிகைகளுக்குச் சற்றும் குறையாத அழகுடன் இறந்தோரின் மாளிகைகள் நின்றன. கதிரவன் மேற்றிசையில் மறைந்துகொண்டிருந்தான். குடை விரித்தாற்போன்ற பைன் மரங்களின் நிழல்கள் அந்தப் பளிங்குக் கல்லறைகளின்மேல் மெல்ல ஊர்ந்து ஏறின. கொள்ளை நோய் நகரத்துக்குள் புகுந்து ஐந்து திங்கள்களாகிவிட்டன. முன்பெல்லாம் வண்டிகளின் சக்கர ஒலி ஓயாத அந்தப் பாட்டையில் இப்போது காக்கைகளின் குரலைத் தவிர வேறு ஓசையே இல்லை.

அந்த அந்தி வேளையில், பாட்டையை விட்டு விலகிய ஒற்றையடிப் பாதையில், துக்கம் காப்போர் அணியும் சாம்பல்நிற ஆடையைப் போர்த்தியபடி ஓர் இளைஞன் நடந்துகொண்டிருந்தான். ஆடைக்குள் அவன் மறைத்திருந்த உடைவாளை நாம் மட்டும் பார்த்துவிடுகிறோம், வாசகர்களே! அவன் பெயர் கோர்வினன். தன்யூப் நதிக்கரை எல்லையில் ஈராண்டுகள் போர் புரிந்து, நூற்றுவர் தலைவனாகத் திரும்பியவன். மணமகனாக நகருக்குள் நுழைய வேண்டியவனை அஸ்திக் கலசம் ஒன்றுதான் வரவேற்றது. அவனுக்கென்று நிச்சயிக்கப்பட்டிருந்த செவீனா, கொள்ளை நோய்க்கு இரையாகிவிட்டாளாம்!

செவீனாவின் தந்தை லார்சியன், நகரின் காவலதிபர். அன்று நண்பகலில் அவர் கோர்வினனைத் தனியே அழைத்துப் பேசியிருந்தார்.

"கோர்வினா! நம் தேவர்களுக்குத் தூபமிட மறுக்கும் அந்தக் கிறிஸ்தவர்களால்தான் இந்த நோய் நம்மைப் பீடித்தது. என் மகளைக் கொன்றவர்கள் அவர்களே. பாட்டைக்கு அப்பால், நிலத்தடிக் கல்லறைகளில் அவர்கள் கூடுகிறார்கள். ஒரு வாயிலை நாம் அறிவோம். மற்றொரு வாயில் உண்டென்று ஒற்றர்கள் சொல்கிறார்கள். நீ உள்ளே சென்று அதைக் கண்டுபிடித்து, அதன் வழியே வெளியேறிவிடு. இரண்டையும் செங்கல் வைத்து அடைத்துவிடலாம்."

"உயிரோடா, பிரபு?"

"கல்லறையில் கூடுகிறவர்களுக்குக் கல்லறையே போதும்" என்றார் அதிபர். பிறகு அவன் முகத்தைப் பாராமலே, "அங்கே இறந்தவர்களின் உருவங்கள் நடமாடுவதாக வதந்தி. எதைக் கண்டாலும் நம்பாதே" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் கோர்வினன் இப்போது நினைத்துக்கொண்டான். முட்புதர்களுக்கு இடையே, வாய் பிளந்த விலங்கைப்போல் படிக்கட்டு ஒன்று பூமிக்குள் இறங்கியது. அவனும் இறங்கினான்.

ஆகா, அந்த இருளை என்னவென்று சொல்வது! இருபுறச் சுவர்களிலும், அடுக்கடுக்காக, ஆள் நீளத்துக்குக் குடையப்பட்ட குழிகளில் இறந்தோர் துயின்றனர். சில குழிகள் இன்னும் மூடப்படாமல், யாருக்காகவோ காத்திருந்தன. ஈர மண்ணின் வாடையோடு எண்ணெய்ப் புகையின் மணமும் கலந்து வந்தது. வளைந்து வளைந்து சென்ற பாதையின் கோடியில் சிறு வெளிச்சம் நடுங்கியது. அங்கிருந்து மெல்லிய பெண் குரலொன்று, ஒவ்வொன்றாகப் பெயர்களை உச்சரித்தது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னே பலர் சேர்ந்து "ஆண்டவரே, நினைத்தருளும்" என்று முணுமுணுத்தார்கள்.

"சிறையில் இறந்த பிலேமோன்... நோயில் மாண்ட அவ்வழிப்போக்கர், அவர் பெயர் அறியோம்... தன்யூப் எல்லையில் இருக்கும் கோர்வினன்..."

தன் பெயரைக் கேட்டதும் அவனுடைய நாடி நரம்பெல்லாம் சில்லிட்டன. பெயர் கேட்டதனால் மட்டுமல்ல. அந்தக் குரலை அவன் அறிவான்! வெளிச்சத்துக்குள் சென்றான். முப்பது பேர் இருக்கலாம். பாதிப் பேர் பாயில் கிடந்த நோயாளிகள். அவர்கள் நடுவே, வெண்ணிற முக்காடிட்டு, கையில் அகல் விளக்கேந்தி நின்றாள் செவீனா. அவன் எந்தக் கலசத்தைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் அழுதானோ, அந்தச் செவீனா!

"நீ... நீ யார்? எந்த மாயம் உனக்கு இந்த முகத்தைக் கொடுத்தது?" கோர்வினனின் வாள் தானே உறையைவிட்டு வெளியே வந்தது.

அவள் விளக்கைத் தன் முகத்தருகே உயர்த்தினாள். "மாயம் இல்லை, பிரபு. என் கையைத் தொட்டுப் பாருங்கள்" என்றாள்.

அவன் தொட்டான். கை வெதுவெதுப்பாக இருந்தது.

"காய்ச்சலின் ஏழாம் நாள் என்னைப் பல்லக்கில் வைத்து நகர வாயிலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் நோய் தொற்றிவிடும் என்று பயந்தார்கள். பாட்டையோரம் கிடத்தினார்கள். என்னால் கண் திறக்க முடியவில்லை. ஆனால் எல்லாம் காதில் விழுந்தது. இரண்டு நாள் அப்படியே கிடந்தேன். பிறகு இவர்கள் வந்து தூக்கினார்கள். நான் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை."

"அப்படியானால் நகரமே கூடி நின்று எரித்தது யாரை?"

"மூடிய பாடைக்குள் என்ன இருந்ததென்று என் தந்தையார்தான் சொல்ல வேண்டும்."

அப்போது மேலிருந்து ஓர் ஓசை வந்தது. டக், டக், டக். கல்மேல் கல்லை வைத்துத் தட்டும் ஓசை!

"செவீனா! வாயிலை அடைக்கிறார்கள்! மற்ற வாயில் எங்கே? எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய்விடலாம்!"

"அது இடிந்து விழுந்து ஆறு திங்கள் ஆகிறது."

அதிபர் மகளோடு அவனையும் சேர்த்தே புதைக்கச் சுவர் எழுப்புகிறார் என்பதும், 'எதைக் கண்டாலும் நம்பாதே' என்றதன் பொருளும் கோர்வினனுக்கு அப்போது விளங்கின. வாளோடு படிகளை நோக்கிப் பாய்ந்தான். செவீனா அவனுக்கு முன்னே போய் நின்றாள். "மேலே எத்தனை பேர்?"

"அதிபர் நாற்பது வீரர்களோடு வருவதாகச் சொன்னார்."

"தாங்கள் ஒருவர். வாளை உறையில் போடுங்கள். நான் போகிறேன்."

வாயிலில் சுவர் மார்பளவு எழும்பிவிட்டது. அடுத்த செங்கல்லுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்த கொத்தன் தற்செயலாக நிமிர்ந்தான். சுவருக்கு அப்பால், கரிய இருளிலிருந்து, கீழே ஏந்திய விளக்கின் ஒளியில் வெண்முக்காடிட்ட முகம் ஒன்று மெல்ல மெல்ல மேலேறி வந்தது!

அவன் போட்ட கூக்குரலில் வீரர்கள் ஓடி வந்தார்கள். அவர்களில் பலர் அவளுடைய பாடையைத் தோளில் சுமந்தவர்கள்.

"அஞ்சாதீர்கள். நான் இறக்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறேன்" என்றாள் செவீனா.

அவ்வளவுதான்! இறந்தவள் வாய் திறந்து பேசியதும் கரண்டி ஒருபுறம், கேடயம் ஒருபுறமாக எறிந்துவிட்டு, அதிபரின் பல்லக்கைச் சுமந்து வந்தவர்கள் உட்பட அத்தனை பேரும் பாட்டையை நோக்கித் தலைதெறிக்க ஓடினார்கள். ஒரே ஒருவர் மட்டும் ஓடவில்லை. பல்லக்கைப் பற்றியபடி லார்சியன் நின்றார். பேயைக் கண்டவரின் திகில் அவர் முகத்தில் இல்லை. அதைவிடக் கொடிய திகில் இருந்தது.

"அப்பா! என்னைத் தரையில் கிடத்தியபோது தங்கள் கை நடுங்கியது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை."

அவர் உதடுகள் அசைந்தன. "என் மகள் இறந்துவிட்டாள். இந்தப் பாழிடத்தில் யாரும் இல்லை. அப்படித்தான் அரசவையில் சொல்வேன்."

அது இரக்கமா, கோழைத்தனமா? கோர்வினனுக்கு விளங்கவில்லை, நமக்கும் விளங்கவில்லை.

"அப்படியே சொல்லுங்கள், அப்பா. காய்ச்சல் மறுபடி நம் மாளிகைக்கு வந்தால், யாரையும் வெளியே கிடத்தாதீர்கள். சொல்லியனுப்புங்கள். நாங்கள் வருகிறோம்."

காவலதிபர் திரும்பி, இருட்டிக்கொண்டுவந்த பாட்டையில், துணையின்றிக் கால்நடையாக நடந்தார்.

கோர்வினன் சுவரைக் காலால் உதைத்துத் தள்ளினான். ஈரச் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு செவீனாவின் முன் மண்டியிட்டான்.

"உங்கள் தெய்வத்தை நான் அறியேன், செவீனா. அறியாத தெய்வத்தின்மீது ஆணையிட மாட்டேன். என் உயிர்மீது ஆணையிடுகிறேன்: இந்நகரத்தின் எந்த வாயிலுக்கு வெளியேயும் மூச்சோடு கிடக்கும் ஒருவரைக்கூட இனி நான் கடந்து போகமாட்டேன்."

"அப்படியானால் எழுந்திருங்கள், பிரபு. இவர்களை இன்றே வேறிடம் சேர்க்க வேண்டும். தூக்குவதற்கு ஆள் போதவில்லை" என்றாள் செவீனா.

நூற்றுவர் தலைவன் உடைவாளை அவிழ்த்து வைத்துவிட்டு, மீண்டும் அந்த இருளுக்குள் இறங்கினான்.