இமைப்பொழுதில் ஒரு நகர்த்தல்

தான் எழுதிய கணினி நிரலையே தன்னால் நம்ப முடியவில்லை என்றாள் அக்ஷயா. ராபர்ட்சன்பேட்டை கடைவீதி மாடியில் இருந்த துப்பறிவாளர் ஜெயகரன் குறுக்கிடாமல் கேட்டார்.

நேற்று சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பகுதி மன்றத்தில் கணினிச் சதுரங்கப் போட்டி. அவளுடைய நிரல் ஒரு நகர்த்தலுக்கு நெடுநேரம் யோசித்தது. அதைவிடச் சிக்கலான அடுத்த நகர்த்தலுக்கு இமைப்பொழுதில் பதில் தந்தது. யாரோ வெளியிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்றான் அதனுடன் ஆடித் தோற்றுப்போன எரிக். காலையில் சோதிப்பதற்காக அவளுடைய மடிக்கணினியை ஓடவிட்டபடியே மன்றத்தார் அறையைப் பூட்டினார்கள். இன்று காலை காய்களின் அதே நிலையை வைத்துச் சோதித்தால், பதில் வருவதற்குள் டீயே ஆறிப்போனது. மாலைக்குள் விளக்கம் இல்லையென்றால் மோசடி என்று அவள் படிக்கும் கல்லூரிக்குத் தெரிவிப்பார்கள். கைக்கு வந்த பெங்களூர் வேலை போய்விடும்.

"நேத்து இன்னாத்தால அவ்ளோ வேகம்?" என்று கேட்டார் ஜெயகரன்.

"ஹாஷ் டேபிள் சார். குதிரை முதல்ல, யானை அப்புறம் நகரலாம். இல்லாங்காட்டி யானை முதல்ல. எப்படிப் போனாலும் கடைசியில ஒரே நிலைதான். ஒருவாட்டி அலசின நிலைய அந்த டேபிள் மெமரியில வெச்சுக்கும். மறுபடி வந்தா தேடாது, எடுத்துக் குடுத்துடும். ராத்திரி முழுக்க ஓடிச்சே சார், காலையில ஏன் குடுக்கல?"

யாரோ உள்ளே புகுந்து நிரலை மாற்றியிருக்கிறார்கள் என்றான் உதவியாளன் சுனில். மூவரும் மன்றத்துக்குப் போய்ப் பார்த்தபோது பூட்டு பழுதின்றி இருந்தது. சாவி தன்னிடமே இருந்ததாகச் செயலாளர் சீனிவாசன் சத்தியம் செய்தார். சுவரிலிருந்த மின்கடிகாரம் பன்னிரண்டில் நின்று மின்னிக்கொண்டிருந்தது. ஜெயகரன் மடிக்கணினியின் சார்ஜர் வயரை உருவினார். திரை உடனே இருண்டது.

"பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு சார்" என்றாள் அக்ஷயா.

"சீனிவாசன், பூட்டறப்ப மெயின ஆஃப் பண்ணீங்களா?"

"பண்ணாம? எங்கப்பா மைன்ஸ்ல எலெக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிஞ்சா மெயின் ஆஃப். எங்க வூட்டுப் பழக்கம். காலையில நான்தான் ஆன் பண்ணி, ப்ரோக்ராமயும் தொறந்து வெச்சேன்."

"அதான். கரென்ட் போனதும் கடிகாரமும் பன்னிரண்டுக்குப் போச்சு, மெமரியும் காலி. நேத்து நெடுநேரம் யோசிச்சப்பவே அடுத்த நிலையயும் அலசி வெச்சிடுச்சு. இன்னிக்கு அந்த ஞாபகமே இல்லாம, அந்த ஒரு நிலைய மட்டும் கேட்டீங்க."

கதை நல்லா கீது என்றான் அங்கே வந்திருந்த எரிக். அப்படியானால் நேற்றைய ஆட்டத்தை முதலிலிருந்து நீயே ஆடு என்றார் ஜெயகரன். கைபேசிகளை வெளியே வைத்தார்கள், இணையத்தையும் துண்டித்தார்கள்.

நிரல் நேற்றைய நகர்த்தல்களையே ஆடியது. அந்த நீண்ட யோசனை வந்தபோது அக்ஷயா திரைக்கு அருகில் நகர்ந்தாள். ஒருவேளை தன் நிரலில் வேறு ஏதாவது கோளாறு இருந்தால்?

எரிக் அடுத்த காயை நகர்த்தினான். அவன் கையை எடுப்பதற்குள் பதில் திரையில் இருந்தது.

எரிக் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் கையாலயே உன் வேலைக்கு உலை வெச்சிருப்பேனேம்மா" என்றார் சீனிவாசன்.

அக்ஷயா சுவர்க் கடிகாரத்தில் சரியான நேரத்தை வைத்தாள்.