பீச்சாங்கை பக்கம்

முகிலனைக் குழப்புகிற விஷயங்கள் உலகத்தில் நிறைய இருந்தன. அவற்றில் முதல் பரிசு இடதுக்கும் வலதுக்கும்தான்.

பள்ளியில் பி.டி. சார் "இடப்பக்கம் திரும்பு" என்பார். வகுப்பு முழுவதும் ஒரு பக்கம் திரும்பும். முகிலன் மட்டும் மறுபக்கம் திரும்பி, அடுத்து நிற்கும் ஆபேலின் மூக்கில் தன் மூக்கை இடித்துக்கொள்வான். லெப்ட், ரைட் என்று மாற்றிச் சொன்னாலும் அதே கதைதான்.

வீட்டில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. கோவிலம்பாக்கத்தில் அவன் வீட்டில் யாரும் இடது, வலது என்று பேசுவதே கிடையாது. சோறு சாப்பிடுகிற கை சோத்தாங்கை. மற்றது பீச்சாங்கை. அந்தக் கைக்கு என்ன வேலை என்று சாப்பிடும்போது மட்டும் கேட்கக் கூடாது. அவனுடைய அப்பா துரை, கடை கடையாகக் கேன் தண்ணீர் போடுகிறவர். அதற்கென்று வைத்திருக்கும் குட்டியானை வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம், "பீச்சாங்கை பக்கம் எதுனா வருதா பாருடா" என்பார். முகிலன் உடனே சரியான பக்கம் பார்ப்பான்.

அப்படிப்பட்ட கைகளால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வம்பு வந்தது.

அன்றைக்கு ஜெயஸ்ரீ அத்தை வருகிற நாள். அப்பாவின் தங்கை. பஸ்ஸிலும் இல்லை, ரயிலிலும் இல்லை, காஷ்மீரிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். கன்னியாகுமரிவரை போகப் போகிறாள். கூடவே இன்னொரு சைக்கிளில் அவளுடைய தோழி ரேஷ்மா.

ரேஷ்மாவுக்குச் சொந்த ஊர் நாக்பூர். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் வெகுதூரம். அவள் இதுவரை கடலையே பார்த்ததில்லை. முதல்முதலாகக் கன்னியாகுமரியில் இரண்டு பேரும் ஒன்றாக நின்று பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் ஒருத்தி மட்டும் போய்ப் பார்க்கக் கூடாது என்று காஷ்மீரிலேயே கைமேல் கை அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள். சத்தியம் என்றால் அத்தைக்குச் சத்தியம்தான். அத்தை பிறந்து வளர்ந்தது கடலுக்குப் பக்கத்தில். இருந்தாலும் அவளும் அன்றிலிருந்து போனில்கூடக் கடல் படம் பார்ப்பதில்லையாம்.

நேர்வழியாக மதுரைப் பக்கம் போகாமல் இங்கே எதற்குச் சுற்றிக்கொண்டு வருகிறாய் என்று அப்பா போனில் கேட்டார். அண்ணி வைக்கும் வஞ்சிரமீன் குழம்புக்காக என்று அத்தை சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலிருந்து அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவே இல்லை.

மதியம் அத்தையிடமிருந்து போன் வந்தது. தாம்பரத்தில் அவளுடைய பின்சக்கரத்தில் போக்ஸ் கம்பிகள் உடைந்துவிட்டனவாம். சைக்கிள் கடையில் மாற்றிக்கொண்டு இருக்கிறார்களாம். இரண்டு பேரும் எதற்கு வெயிலில் காய வேண்டும் என்று ரேஷ்மாவை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டாள். ரேஷ்மாவின் போனோ, படப்பை வேகத்தடையில் கீழே விழுந்து உயிரை விட்டிருந்தது. அதனால் அண்ணியின் நம்பரை அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதி விட்டிருக்கிறேன், மேடவாக்கம் வந்ததும் யாரிடமாவது போன் வாங்கிப் பேசுவாள், வழி மட்டும் சொல்லிவிடுங்கள் என்றாள் அத்தை.

மேடவாக்கத்திலிருந்து அந்தப் போன் வந்தபோது அம்மாவின் கையெல்லாம் மிளகாய்த்தூள். முகிலன்தான் எடுத்தான்.

"வணக்கம். நான் ரேஷ்மா பேசுகிறேன். மேடவாக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் நிற்கிறேன். வழி சொல்லுங்கள், தம்பி."

டிவியில் செய்தி வாசிக்கிறவர் போலப் பேசினாள். வழியெல்லாம் அத்தை சொல்லிக்கொடுத்த தமிழ். முகிலனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பெரியவளுக்கு வழி சொல்லும் பொறுப்பு முதல்முறையாகக் கிடைத்திருக்கிறதே என்று பெருமையாகவும் இருந்தது. நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னான்.

"பாலத்துக்குக் கீழ பீச்சாங்கை பக்கம் திரும்புங்கக்கா. நேரா வந்தா கோவிலம்பாக்கம். அங்க சோத்தாங்கை பக்கம் மொத தெரு. பச்சை கேட்டு."

"பீச்?" என்றாள் ரேஷ்மா.

"ஆமாக்கா, பீச்சாங்கை."

"சோறு?"

"ஆமாக்கா, சோத்தாங்கை."

"புரிந்தது. மிக்க நன்றி, தம்பி."

முகிலன் வாசலுக்குப் போய்ப் பச்சை கேட்டை அகலமாகத் திறந்து வைத்தான். பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்தான். குழம்பு கொதித்து இறங்கியது. சோறு வடித்து ஆறியது. தெருநாய் ஒன்று மட்டும் திறந்த கேட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

நெடுநேரம் கழித்து மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் வந்து நின்றது. வெயிலில் கறுத்துப்போன ஜெயஸ்ரீ அத்தை இறங்கினாள். முகிலனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கேட்டாள்.

"எங்கடா ரேஷ்மா? துன்னுட்டுத் தூங்கறாளா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா முகிலனைப் பார்த்தார். முகிலன் தெருவைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அப்பா அந்த ஜூஸ் கடை நம்பருக்கே திருப்பி அடித்தார். கடைக்காரர் நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். அந்தப் பெண் போனைக் கொடுத்ததும் பீச்சுக்கு எப்படிப் போவது என்று கேட்டதாகவும், தான் சோழிங்கநல்லூர் ரோட்டைக் காட்டியதாகவும், அவள் கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டதாகவும் சொன்னார்.

எல்லாருக்கும் தலை சுற்றியது. வீட்டுக்கு வரவேண்டியவள் பீச்சுக்கு எதற்குப் போனாள்? பாலத்தடியில் ஒரு பக்கம் திரும்பினால் வீடு. கடல் அதற்கு நேர் எதிர்ப் பக்கம்.

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் சின்னதாகிப் போனதை முகிலன் பார்த்தான்.

"என்னை வுட்டுட்டுக் கடலைப் பாக்கப் போயிட்டாளாண்ணா?" என்றாள். "அவ பாத்துட்டான்னா நான் இதோட நிறுத்திக்கிறேன். இதுக்கு மேல கன்னியாகுமரிக்குப் போயி இன்னா பண்ணப் போறேன்?"

அதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், கையில் போன்கூட இல்லாத பெண், இருட்டுவதற்குள் தேடிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அப்பா வண்டிச் சாவியை எடுத்தார். அத்தை ஏறினாள். முகிலனும் ஏறிக்கொண்டான். தான் சொன்ன வழியில் எங்கே தப்பு வந்தது என்று அவனுக்குப் புரியவே இல்லை. மனசுக்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்பா வண்டியைப் பின்னால் எடுத்தார். வழக்கம்போல, "பீச்சாங்கை பக்கம் எதுனா வருதா பாருடா" என்றார்.

முகிலன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் தலையை உள்ளே இழுக்கவே இல்லை.

"என்னடா, வருதா இல்லியா?"

"பீச்சு" என்றான் முகிலன். "அப்பா, பீச்சு."

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் சொல்லாவிட்டால் அத்தை ரேஷ்மா அக்காமேல் கோபமாகவே இருப்பாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டான்.

"அத்தை, அவங்களா போவல. நான்தான் அனுப்பிட்டேன். பீச்சாங்கை பக்கம்னு சொன்னேன். அவங்க காதுல பீச் பக்கம்னு வுழுந்திருக்கு."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். இடது, வலது, நேரே எல்லாம் சொல்லிக்கொடுத்தேனே, இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்றாள். கோவிலம்பாக்கம் என்ற பெயரும் ரேஷ்மாவின் வாயில் நுழையாதாம். 'கோவில் பக்கம்' என்றுதான் சொல்லுவாளாம். கேட்க நன்றாக இருக்கிறதே என்று அத்தையும் திருத்தாமல் விட்டுவிட்டாள்.

அப்பா பெருமூச்சு விட்டார். கடற்கரை என்ன கைக்குட்டை அளவா, எந்த மூலையில் போய்த் தேடுவது என்றார்.

முகிலன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். வழக்கமாக எல்லாவற்றையும் குழப்பிக்கொள்கிறவன் அவன்தான். குழம்பினவர்கள் எப்படிப் போவார்கள் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

"நம்ம வழியை வுட்டுடுங்கப்பா. அவங்க காதுல வுழுந்த வழியில போலாம். மொதல்ல பீச். அப்புறம் கோவில் பக்கம். அங்க சோறு பக்கம்."

அப்பா அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். வண்டி பாலத்தடியைத் தாண்டிச் சோழிங்கநல்லூர் ரோட்டில் போனது.

சோழிங்கநல்லூர் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் உப்புக் காற்று அடித்தது. முனையில் இளநீர் விற்றவரிடம் விசாரித்தார்கள். மூட்டை முடிச்சோடு ஒரு சைக்கிள் போனதையும், அதை ஓட்டிய பெண் கோவில் பக்கம் எது என்று கேட்டதையும் சொல்லி, மீனவர் குப்பத்து அம்மன் கோவில் இருக்கும் தெருவைக் காட்டினார்.

தெரு முழுக்க மணல். கோவிலைத் தாண்டியதும் நீலப் பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. அதன் மேல் சாய்ந்து நின்றது ரேஷ்மாவின் சைக்கிள்.

"அங்க பாருங்க" என்றான் முகிலன்.

பெஞ்சியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுற்றித் துண்டு. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. எதிரே கடைச் சுவர், சுவரில் கரி பிடித்த ஒரு காலண்டர். அதைத்தான் அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், இரண்டு படகுகளுக்கு நடுவே, கடல் பெரிதாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

மீன் பொரித்துக்கொண்டிருந்த கடைக்கார ஆயா கிளியம்மாள் கரண்டியோடு எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, உங்காளா இது? வந்ததுலேர்ந்து பச்ச கேட்டு எங்க கீதுன்னு கேட்டுகினே கீது. அல்லாரும் கடலப் பாக்க வருவாங்கோ. இது அதுக்கு முதுகக் காட்டிகினு உக்காந்துகினு கீது."

அத்தை கூப்பிட்ட குரல் கேட்டதும் ரேஷ்மா துள்ளி எழுந்தாள். ஆனால் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். உள்ளங்கையில் இருந்த நம்பர் எப்போதோ வியர்வையில் கரைந்து, நீலமாகத் தீற்றியிருந்தது.

"ஜெயா, நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டேன். சத்தம் கணக்கில் வராது அல்லவா?"

அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் கடலுக்கு முதுகைக் காட்டி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் பார்க்கவில்லை, வரும்போது வண்டியில் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன் என்றாள். அது உண்மைதான். முகிலன் பார்த்தான்.

ரேஷ்மாவும் நடந்ததைச் சொன்னாள். வீடு கடற்கரையில் இருக்கிறது என்று ஜெயா சொல்லவே இல்லையே என்று அவளுக்கும் ஒரே குழப்பமாம். தெருக்கோடியில் நீலமாக என்னவோ தெரிந்ததும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்தாளாம். அப்படி வந்து இடித்துக்கொண்டதுதான் இந்தப் பெஞ்சி.

முகிலன் அவள் முன்னால் போய் நின்றான். மன்னிப்புக் கேட்டுவிட்டு, எந்தக் கை சோத்தாங்கை, எந்தக் கை பீச்சாங்கை என்று தொட்டுக் காட்டினான். ஏன் அந்தப் பெயர் என்றும் சொல்லிவிட்டான். ரேஷ்மா தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பெஞ்சி ஆடும்படி சிரித்தாள்.

எல்லாருக்கும் பயங்கரப் பசி. வீட்டுக் குழம்பு ராத்திரிக்கு ஆகட்டும் என்று அப்பா தட்டு கேட்டார். நாலு பேரும் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சுடச்சுட மீன் சாப்பிட்டார்கள். இத்தனை வருஷமாகக் கடை போட்டும் இப்படி ஒரு கும்பலைப் பார்த்ததில்லை என்று சொல்லி, ஆயா ஆளுக்கு ஒரு துண்டு சும்மாவே வைத்தார்.

மறுநாள் காலையில் இரண்டு சைக்கிள்களும் பச்சை கேட்டைத் தாண்டித் தெற்கே கிளம்பின.

பல நாள் கழித்து ஒரு விடியற்காலையில் அம்மாவின் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் அத்தையும் ரேஷ்மாவும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். இருவர் கண்களும் சிவந்திருந்தன. அவர்களைச் சுற்றிலும் ஒரே தண்ணீர்.

"முகிலன் தம்பி, கன்னியாகுமரி வந்துவிட்டோம்" என்றாள் ரேஷ்மா. பிறகு போனை ஒரு பக்கம் திருப்பினாள், மறுபக்கம் திருப்பினாள், நேராகப் பிடித்தாள்.

"இங்கே பீச்சாங்கை பக்கமும் பீச். சோத்தாங்கை பக்கமும் பீச். நேராகப் போனாலும் பீச். இந்த ஊரில் நீ எப்படி வழி சொன்னாலும் சரியாக இருக்கும்."