பேர் விழாத நிறுத்தம்

கிளிக்கரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி மடியில் வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதில் ஒன்று என்று விழுந்திருந்தது.

பெருவிரலால் அமுக்கினால் ஓர் எண் கூடும் சின்ன இரும்புச் சாமான் அது, பஸ் ஏறும் ஆட்களை எண்ணுவதற்கு. மகேந்திரன் பதினெட்டு வருஷமாக அதைப் பிடித்துச் சோறு தின்கிறவன், போக்குவரத்து இன்ஜினியர். விரல் தவறிப் பட்டிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடியும் பூஜ்யத்துக்குத் திருப்பினான். சிரம்பானை அடுத்த கோலா சாவா பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம், காலை ஐந்தே முக்கால். மழை விட்டும் மட்டைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஈர மண்ணும் அழுகின பழக்குலையும் கலந்த வாடை கண்ணாடி இடுக்கு வழியாகக் காருக்குள் வந்து தொண்டையில் உட்கார்ந்தது. எதிரே தகரக்கூரை போட்ட பஸ் நிறுத்தம் விளக்கில்லாமல் கிடந்தது. ஆள் யாரும் இன்னும் வரவில்லை.

இந்த இடத்துக்கு அவன் புதுசில்லை. போன வருஷம் இதே நிறுத்தத்தில் ஆள் எண்ண வந்த புண்ணியவானும் இவன்தான். விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரைக்கும் உட்கார்ந்து எண்ணியிருக்க வேண்டும். ஐயா பாரோயில் இருக்கிற தன் வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து, பத்து மணிக்கு ஆடி அசைந்து வந்து, காருக்குள் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு, ஆள் பூஜ்யம் என்று எழுதினார். நேரம் என்ற கட்டத்தில் மட்டும் ஐந்தரை என்று போட்டார். தோட்டத்து ஆள் எவனாவது பத்து மணிக்கு வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்பானா? டவுனில் பிறந்தவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். இவன் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இவன் அம்மா முப்பது வருஷம் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, ஓடினவள். பெரட்டில் மண்டோர் என்கிற கங்காணி ஒவ்வொரு பேரையும் ஒரே தடவைதான் கூப்பிடுவார். அந்த ஒரு தடவைக்கு "இருக்கேன்" என்று குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, வேலையும் கிடையாது. தெரிந்தே செய்த பாவம் இது.

அவன் போட்ட பூஜ்யத்தை நம்பி பஸ்ஸை நிறுத்தினார்கள். சிரம்பானில் ஒரு ஆபிசில் தரை துடைக்கிற மரியகொரெட்டி, அதற்குப் பிறகு தினமும் இருட்டில் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம், பெரிய ரோட்டுக்கு நடந்தாள். மூன்றாவது வாரம் பழ லோரி ஒன்று அவளை அடித்துப் போட்டது. அவள் புருஷன் மைக்கல்ராஜ் மகேந்திரனைத் தேடி ஆபிசுக்கு வந்தான். சத்தம் போடவில்லை. நீங்கள் எண்ணின அன்றைக்கும் அவள் அங்கேதானே நின்றாள், உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்று மட்டும் கேட்டான்.

"டேட்டாபடி அங்க ஆளே இல்லண்ணே," என்றான் மகேந்திரன்.

மைக்கல்ராஜின் முகத்தைப் பார்த்தே அப்படிச் சொன்னான், நெஞ்சழுத்தக்காரன். ஆனால் மைக்கல்ராஜ் விடவில்லை, மனுவுக்கு மேல் மனு போட்டான். கடைசியில் ஒரு வாரத்துக்குச் சோதனை பஸ் விட்டு, மறுபடியும் ஆள் எண்ணச் சொல்லி மேலிருந்து உத்தரவு. நிஜத்தை எழுதினால் பழைய பொய் வெளியே வரும். வேலையும் போகும், இன்ஜினியர் லைசென்ஸும் போகும். அதனால் எத்தனை பேர் ஏறினாலும் பூஜ்யம்தான் என்று முடிவு பண்ணிக்கொண்டே மகேந்திரன் வந்திருந்தான்.

டிக்.

கிளிக்கர் மடியில் கிடந்தது. அவனுடைய இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. எண் ஒன்று.

பழக்குலை வாடை போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் பினாயில் வாடை, சற்றுமுன் தரை துடைத்துவிட்டுப் போனதுபோல. அவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். நிறுத்தத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். துப்புரவுக்காரர் சட்டை, கையில் சாப்பாட்டு டப்பா. இடுப்புக்கு மேலே உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மனுஷர் உடம்பு அவ்வளவு திரும்பாது.

 அப்போதுகூடப் பார், கை ஆள் கணக்கு எழுதும் ஃபாரத்தைத்தான் தேடியது. அவசர அவசரமாகப் பூஜ்யம் என்று எழுதினான்.

டிக். டிக். டிக்.

சொட்டு நின்றது. பூச்சிச் சத்தம் நின்றது. நிறுத்தத்தில் இப்போது யாரும் இல்லை.

பின் சீட்டில் மூச்சு.

"மகேந்திரன்."

பெண் குரல்தான். ஆனால் மண்டோர் கூப்பிடுகிற அதே இழுப்பு. இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்கு வாயைத் திறக்கக் கூடாது. தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்தது, இவனுக்கும் தெரியும். ஆனால் அது பெரட்டுக் குரலாயிற்றே. பெரட்டில் இரண்டாவது தடவை கிடையாதே.

"இருக்கேன்," என்றது அவன் வாய்.

காலுக்குக் கீழே ஈர சிமெண்டு. தலைக்கு மேல் தகரம்.

அவன் நிறுத்தத்தில் நின்றான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் கார். அதன்மேல் மட்டும் பத்து மணி வெயில். உள்ளே ஒருவன் நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தான். அவன் சட்டை. அவன் மூக்குக்கண்ணாடி. அவன் முகம்.

மகேந்திரன் கையை ஆட்டினான். தாண்டி ஓடப் பார்த்தான். கால் நகரவில்லை.

"நான் நிக்கிறேன். எண்ணுடா. ஒண்ணு போடுடா."

காரில் இருந்தவன் தலையைத் தூக்கினான். நேராக இவனைப் பார்த்தான். பார்வை இவனைத் தாண்டிச் செம்பனை மரத்தில் போய் நின்றது. விரலில் ஒட்டிய சம்பலை நக்கினான். பேனாவை எடுத்தான். வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டான்.

கார் கிளம்பியது. வெயிலும் அதோடு போயிற்று.

பக்கத்தில் சாப்பாட்டு டப்பா கடகடத்தது.

"இனிமே பஸ் வராது சார்," என்றாள் மரியகொரெட்டி. "நடங்க. ரெண்டு கட்டதான்."

இப்போது கால் நகர்ந்தது. அவன் வேண்டாம் என்றான். கால் கேட்கவில்லை. அவள் ஓரமாக நடந்தாள். அவன் கால் நடு ரோட்டுக்குப் போயிற்று.

பின்னால், வளைவில், பழ லோரி கியர் மாற்றும் சத்தம். வெளிச்சம் முதுகில் ஏறியது. முன்னால் ரோடு வெள்ளையாக நீண்டது. அதில் விழுந்தது ஒரே நிழல். சாப்பாட்டு டப்பா பிடித்த அவள் நிழல்.