இரண்டாவது கார்டு

காரின் பானெட்டில் இரண்டு சிவப்பு கார்டுகள் தொங்கின. சைமன்ராஜ் மாட்டியது ஒன்றுதான்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவன், தூக்கம் பிடிக்காமல் புரண்டு புரண்டு, பகல் இரண்டரைக்கு எழுந்து பின்னறைக்கு வந்திருந்தான். திரை இழுத்து மூடிய அறையில் பசையும் பெயின்ட்டும் மணக்க, மழைக்கு முந்தைய புழுக்கம் பனியனை முதுகோடு ஒட்டவைக்க, பக்கத்து குவார்ட்டர்ஸின் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தபின் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்க, மேசையை அடைத்துக்கொண்டு அந்தக் கறுப்புக் கார் நின்றது. எண்பது வருஷத்துக்கு முந்தைய சீமைக் காரின் மாடல், நிஜத்தில் எட்டில் ஒரு பங்கு. துபாயிலிருந்து மச்சான் ஆனந்த்ராஜ் பெட்டியில் அனுப்பிய இரண்டாயிரத்துச் சொச்சம் பாகங்களை எட்டு மாதமாகக் கோத்து வந்தான். கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், பேட்டரி கொடுத்தால் இன்ஜின் சுற்றும். மனைவி மேரிசெல்வி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

அவன் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில், மெஷினுக்குள் இறங்குகிறவன் தன் பேர் எழுதிய சிவப்பு கார்டை சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். வெளியே வந்து அவனே தன் கையால் கழற்றும்வரை கடவுளே வந்தாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. பழக்கதோஷத்தில் இங்கேயும் தன் கார்டை மாட்டி வைத்திருந்தான், மகள் ஷைனி கை வைக்காமலிருக்க. அந்தப் பன்னிரண்டு வயதுக்காரிக்கு விதியையும் அவனேதான் சொல்லியிருந்தான். கார்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது.

இரண்டாவது கார்டைத் திருப்பினான். ஷைனி. அவளுடைய கோணல் கையெழுத்தேதான்.

“கொழுப்பப் பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டான். ஸ்கூலுக்குக் கிளம்பும்போது மாட்டியிருப்பாள். நாலரைக்கு வந்துவிடுவாள், கழற்றச் சொல்லலாம். ஆனால் கடைசி வயரையும் இணைத்தாயிற்று. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அடுத்தவன் கார்டை அவன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கை தயங்கியது. பொம்மைக்கு என்ன விதி என்று தன்னையே திட்டிக்கொண்டு இரண்டையும் கழற்றினான்.

சுவிட்சைப் போட்டான்.

ஹெட்லைட்டுகள் மஞ்சளாய்ப் பூத்தன. ஃபேன் சுற்றியது, பெல்ட் ஓடியது. அவனுக்குச் சின்னப் பையன்போல் சந்தோஷம் பொங்கியது. பிறகு இன்ஜினுக்குள் ஒரு சத்தம். டக். எதுவோ மாட்டி, இழுபட்டு, விட்டது.

போன் அடித்தது. சேத்தியாத்தோப்பில் டீச்சர் வேலை பார்க்கும் மேரிசெல்வி.

“ஏங்க, எழுந்துட்டீங்களா? வயித்துவலின்னு ஷைனி இன்னிக்கு ஸ்கூலுக்குப் போவல. அப்பா தூங்கிக்கினு இருக்காரு, சத்தம் போடாம இருன்னு சொல்லிட்டு வந்தேன். சாப்ட்டாளான்னு பாருங்க.”

“எங்க இருக்கா?”

“வூட்லதாங்க. வேற எங்க போவா?”

முன்கதவு உள்தாழ் போட்டிருந்தது. பின்கதவும் அப்படியே. வாசலில் அவள் சைக்கிள். செருப்பு. தட்டில் பாதி இட்லி. கட்டிலுக்கு அடியில் குனிந்தான், பாத்ரூமைத் தள்ளினான், பீரோவைக்கூடத் திறந்தான்.

“ஷைனி.”

பின்னறையிலிருந்து இன்ஜின் மட்டும் பதில் சொன்னது.

திரும்பி வந்தபோது பசை நாற்றத்தை மீறித் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய். சுவிட்சை அணைத்தான். இன்ஜின் நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. பேட்டரியைத் தூக்கிச் சுவரில் எறிந்தான்.

ஃபேன் இன்னும் வேகமாய்ச் சுற்றியது.

காரின் பின்கதவுக் குட்டிக் கைப்பிடியை நகத்தால் இழுத்தான். அவனே பொருத்திய கதவு. அசையவில்லை.

“என்னங்க, பேச மாட்டேங்கறீங்க?” போனில் மேரிசெல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பின்சீட்டுக் கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படர்ந்தது. மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. மூச்சு.

அந்த ஆவியின்மேல் ஒரு கை பதிந்தது. கட்டைவிரல் நகத்தளவு உள்ளங்கை, ஐந்து விரல்களும் விரிந்து.

இன்னொரு கைக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. பதிந்த கை மட்டும், கண்ணாடியில் மெதுவாக, கீழே கீழே வழுக்கிக்கொண்டிருந்தது.