ஒன்பதாம் தேதி ரேகை

ஓமலூர் பேருந்திலிருந்து கலைமணி இறங்கியபோது பதினொரு மணி வெயில். அடுத்த வாரம் இடிக்கவிருந்த பழைய காவல் நிலையம், ஓடு சரிந்து, புளியமர நிழலுக்குள் பதுங்கிக் கிடந்தது.

காவலாளி சென்றாயன் பூட்டைத் திறந்தார். "வெள்ளக்காரன் காலத்து ரேகப் பொஸ்தகந்தானுங்களே?"

"நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே?"

"வேற எதுக்குங்க சாமி இந்த ஊட்டுக்கு ஆளு வரும்? பாத்துப் பொரட்டுங்க, கையில ஒட்டிக்கும்."

அந்த ஆளை அவள் நம்பவில்லை.

1922 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி இரவு, மலையடி பங்களாவில் ஒரு துரை வெட்டுப்பட்டுச் செத்தார். அந்நேரம் தான் இந்த நிலையத்தில் இருந்ததாகச் சொன்னான் சின்னான், கலைமணியின் அப்பாவுக்குத் தாத்தா. சர்க்கார் சந்தேகப்பட்ட ஆண்கள் இரவுதோறும் வந்து கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டிய காலம் அது. "அன்று அவன் வரவில்லை" என்றார் ஏட்டு. ஆறே மாதத்தில் தூக்கு. துரையின் நினைவுக்கல்லில் இன்றும் 'கொலைகாரன் சின்னான்' என்று இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி அவள் போட்ட மனு நாளை விசாரணைக்கு வருகிறது.

அறையில் வௌவால் புழுக்கை நாற்றம். அதற்கடியில் மையின் வாடை.

ரேகைப் புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் தேதியைப் புரட்டினாள்.

சின்னான் பெயருக்கு நேரே ரேகை இருந்தது. குறுக்கே கரும்பு அரிவாள் கிழித்த வடு. சிறைக் குறிப்பில் படித்த அதே வடு.

கண் நிறைந்தது. படமெடுத்தாள். ஏதோ உறுத்த, மேலும் புரட்டினாள்.

தூக்குக்கு மறுநாள். பட்டியலில் அவன் பெயர் இல்லை, ரேகை இருந்தது.

அதற்கடுத்த நாளும் இருந்தது.

பிறகு எவரும் எழுதாத பக்கங்கள். ஒவ்வொன்றிலும் அதே வடு.

கடைசிப் பக்கத்தில் மை ஈரமாக இருந்தது.

"இது உங்க வேலைதானுங்களே?"

சென்றாயன் கட்டைவிரலை நீட்டினார். வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும். "நா இந்த ரூமுக்குள்ளாறயே வரமாட்டனுங்க" என்று வாசலிலிருந்தே கிசுகிசுத்தார்.

அப்படியானால் ஒன்பதாம் தேதி ரேகை? அன்றிரவே வைத்ததா, செத்தபின் வந்து வைத்ததா?

முதன்முறையாக அவள் சின்னானைச் சந்தேகப்பட்டாள்.

புத்தகத்தை மூடிவிட்டு நிறுத்தத்துக்கு ஓடினாள். பேருந்தில் மனுவின் நகலை எடுத்தாள். 'இதில் கண்டவை யாவும் உண்மை' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து.

அதன் பக்கத்தில், வடு விழுந்த ஒரு ரேகை. மை இன்னும் காயவில்லை.