அப்பாவின் நாற்பத்தொரு முத்திரைகள்

ஐந்து நாட்களாக எங்கள் ஊரைப் பனிமூட்டம் விழுங்கி வைத்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டைக் காணோம். தெருவில் யாரோ இருமினால், அது யார் என்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த லட்சணத்தில் அக்டோபர் இருபத்தெட்டு வந்துவிட்டது. ஹாவ்ரான் குன்றின் கோபுரம் திறந்திருக்கும் கடைசி நாள். அன்று மாலை பூட்டினால் இனி ஏப்ரலில்தான் திறப்பார்கள்.

"இந்தப் பனியில எதைப் போய்ப் பாக்கப் போறோம், மாலி? உன் மூக்கே உனக்குத் தெரியாது" என்றார் அப்பா.

"எனக்கு என் மூக்கைப் பாக்க வேண்டாம். முத்திரை வேணும்" என்றேன்.

என் பெயர் அமாலியா. வீட்டில் மாலி. எங்கள் செக் நாட்டில் குன்றுக்குக் குன்று, ஏறி நின்று சுற்றிலும் பார்ப்பதற்கென்றே ஒரு கோபுரம் நிற்கும். ஒவ்வொரு கோபுரத்தின் சீட்டு ஜன்னலிலும் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். அதை நோட்டில் குத்திக்கொண்டு வருவோம். என் நோட்டில் பத்தொன்பது இருந்தன. இருபது சேர்ந்தால் நடைப்பயணக் கழகத்தில் பித்தளைப் பதக்கம் கொடுப்பார்கள்.

ஆனால் ஒரு சட்டம் உண்டு. மேலே ஏறினால்தான் முத்திரை. கழகம் போட்ட சட்டம் இல்லை, அம்மாவும் நானும் போட்டது. கோபுரக்காரர்கள் போட்ட சட்டம் இன்னொன்று: பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணை இல்லாமல் ஏறக்கூடாது. எனக்குப் பத்து வயது. அதனால் எப்போதும் அம்மாதான் என்னோடு ஏறுவார்.

அந்த அம்மா, மூன்று வாரத்துக்கு முன் காளான் பறிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். (காளான் கூடை மட்டும் கவிழவில்லை. அதை இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

அப்பா எங்களோடு ஏற மாட்டார். "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்பார். நான் அதைத் தப்பாக நினைத்ததே இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அப்பாவின் பழைய நோட்டு இருக்கிறது. சின்ன வயதில் அவர் சேர்த்தது. அதில் நாற்பத்தொரு முத்திரைகள்! எல்லாவற்றையும் பார்த்து முடித்தவருக்கு இன்னும் என்ன பார்க்க இருக்கிறது? வகுப்பில் வித்தெக் அவன் அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் நான் அந்த நாற்பத்தொன்றைத்தான் எடுத்து வீசுவேன்.

இந்தத் தடவை துணைக்கு அப்பாதான் வர வேண்டியிருந்தது. அம்மா ஒற்றைக் காலில் நின்று, பொரித்த இறைச்சி வில்லைகளை ரொட்டிக்கு நடுவே வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

"மேல போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் அப்பா பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். பஸ்ஸில் இருந்த மற்றவர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பயணம் என்றாலே பசி.

குன்றுப் பாதையில் மரங்களில் தீட்டியிருக்கும் சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பாதையில் எதிரே வருபவர் யாராக இருந்தாலும் வணக்கம் சொல்வது வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே கிடையாது. அப்பா பனியில் ஒரு மரக்கட்டைக்கு வணக்கம் சொல்லிவிட்டார்.

"பதில் சொல்லலையே, மரியாதை தெரியாத ஆளு" என்றார்.

"கட்டைப்பா அது!"

"அப்போ சரி, மன்னிச்சுடலாம்."

இப்படிச் சிரித்துக்கொண்டுதான் போனோம். ஆனால் உச்சியை நெருங்க நெருங்க அப்பாவின் நடை தளர்ந்தது. ஷூ கயிற்றை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். கடைசியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கொடியைக் காணோமே மாலி. கொடி இல்லேன்னா கோபுரம் மூடியாச்சுன்னு அர்த்தம். சரி விடு, திரும்பிடலாம்" என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை.

கோபுரம் திறந்திருந்தால் உச்சியில் கொடி பறக்கும் என்பது உண்மைதான். ஆனால்...

"கொடி மட்டுமா காணோம்? கோபுரத்தையே காணோம்! கொஞ்சம் மோந்து பாருப்பா."

முகர்ந்தார். பனிக்குள்ளிருந்து இறைச்சி சாஸேஜ் வாட்டும் வாசனை வந்தது.

"மூடின கோபுரத்துல யாரு சாஸேஜ் சுடுவாங்க?" என்று சொல்லிவிட்டு நான் ஓடினேன்.

நூற்று முப்பது வருடப் பழைய கோபுரம். பாதி வரை கல். அதற்கு மேலே இரும்பு. அடிவாரத்துச் சீட்டு ஜன்னலில் ஹைதுகோவா அம்மா ஒரு கையில் சாஸேஜும் ஒரு கையில் கடுகு விழுதுக் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தார். கழகத்துக் கூட்டங்களில் அம்மாவோடு பார்த்திருப்பதால் என்னை அவருக்குத் தெரியும்.

"வா கண்ணு! அம்மா எங்கே? அப்பாவைக் கூட்டிட்டு வந்தியா? இன்னைக்கு வந்ததே ரெண்டு பேர்தான். அவங்களும் மேல போனவங்க இறங்க மாட்டேன்னு அடம்பிடிச்சு, இப்பத்தான் போறாங்க. நோட்டைக் குடு, முத்திரை குத்தித் தர்றேன்."

"ஏறிட்டு வந்துதான் குத்துவேன்" என்றேன்.

அப்பா என் தோளைத் தொட்டார்.

"இப்பவே குத்திக்கோயேன் மாலி. மேல ஒண்ணும் தெரியப்போறதில்ல. ஏறினோமா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!"

"எல்லாரும் அப்படித்தான் குத்திக்குவாங்க, கண்ணு. நானும்..." என்ற அப்பா சட்டென்று நிறுத்தினார்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் கையில் அந்தப் பழைய நோட்டு இருந்தது. நாற்பத்திரண்டாவது முத்திரைக்குப் பக்கத்தைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

"நீயும்னா?" என்று கேட்டேன். "அப்பா, எத்தனை?"

அப்பா ஷூவைப் பார்த்தார். இந்த முறை கயிறு ஒழுங்காகத்தான் இருந்தது.

"எல்லாமே" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. நாற்பத்தொன்று! வகுப்பு முழுக்க எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நான் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிளாஸ்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றினார். டீ கோப்பைக்குள் விழாமல் அவர் முழங்காலில் விழுந்தது.

"பத்து வயசுல பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டுப் போனாங்க" என்றார். "முதல் கோபுரத்துலயே பாதிப் படியில எனக்குக் கால் வரலை. பசங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எல்லாக் கோபுரத்துலயும் முதல் ஆளா முத்திரையைக் குத்திட்டு, அவங்க இறங்கற வரைக்கும் பின்பக்கம் ஒளிஞ்சு நிப்பேன். அவங்க வந்ததும் நானும் கும்பலோட சேந்துக்குவேன்."

நாற்பத்தொரு முறை ஒரு பையன் கோபுரத்துக்குப் பின்னால் தனியாக நின்றிருக்கிறான். என் வயதுப் பையன். என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

நான் யோசித்தேன். கோபுரத்தைப் பார்த்தேன். பத்துப் படி உயரத்துக்கு மேலே வெள்ளையாக இருந்தது. எங்களைச் சுற்றியும் வெள்ளையாக இருந்தது.

"அப்பா, உனக்கு ஏறுறது பயமா, கீழ பாக்கறது பயமா?"

"கீழ பாக்கறதுதான். அந்த இரும்புப் படி சல்லடை மாதிரி. காலுக்கு அடியில எல்லாம் தெரியும்."

"இன்னைக்குத்தான் கீழேன்னு ஒண்ணே இல்லையேப்பா!"

அப்பா என்னைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். பிறகு பிளாஸ்கை மூடினார்.

"முடியலேன்னா இறங்கிடுவேன்."

"சரி."

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கவே மாட்டேன்."

கல் படிகள் எழுபது. உள்ளேயே சுற்றிச் சுற்றிப் போகும். அப்பா சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். எழுபத்தொன்றில் ஒரு கதவு. அதைத் தாண்டினால் இரும்புப் படி, திறந்த வெளி. அப்பா கால் வைத்து, மெல்லக் கீழே எட்டிப் பார்த்தார். சல்லடைத் துளைகளுக்குள் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது.

"ஒண்ணுமே இல்லை" என்றார் ஆச்சரியமாக.

"நான்தான் சொன்னேனே."

தொண்ணூறில் நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"பாதிக் கிணறு தாண்டியாச்சுப்பா!"

"பாதிக் கிணறு தாண்டினா விழறது கிணத்துக்குள்ளதானே மாலி?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே! கன்னத்தை உப்பி அடக்கினேன். அதைப் பார்த்து அப்பாவே சிரித்துவிட்டார். சிரித்த சிரிப்பில் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று கால் தானாக நகர்ந்தது.

நூற்றுப் பதினெட்டாவது படியில் என் தலைக்கு மேல் நீலம் தெரிந்தது. இன்னும் இரண்டு படி வைத்தேன். கண் கூசியது. வெயில்!

"அப்பா, சீக்கிரம் வா!"

மீதிப் பன்னிரண்டு படிகளையும் ஏறி உச்சி மாடத்தில் நின்றோம். பனி எங்கள் காலடிக்குச் சற்றுக் கீழே, கொதிக்கப்போகும் பால் மாதிரி அடிவானம் வரை பரவிக் கிடந்தது. ஊர் இல்லை, சாலை இல்லை. தூரத்துக் குன்றுகளின் தலைகள் மட்டும் தீவு தீவாக நின்றன. எல்லாவற்றின் மேலும் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக வெயிலில் மின்னின. தலைக்கு மேலே கம்பத்தில் கொடி இருந்தது.

ஐந்து நாட்களாக நாங்கள் கீழே விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்க, இங்கே இத்தனை வெயிலா!

அப்பா கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"அந்த நாப்பத்தொண்ணுலயும் இப்படித்தான் இருந்திருக்குமா, மாலி?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மிச்சமிருந்த ஒரே ரொட்டியை இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டோம்.

வெயில் ஏறியதும் பனி கரைய ஆரம்பித்தது. முதலில் மரங்களின் உச்சி வெளியே வந்தது. அப்புறம் ஹைதுகோவா அம்மாவின் சீட்டுக் கொட்டகைக் கூரை, தீப்பெட்டி அளவுக்கு. அப்பா அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாலி, நான் ஏப்ரல் வரைக்கும் இங்கேயே இருந்துக்கறேன்."

"சாஸேஜுக்கு என்ன பண்ணுவே?"

"கயித்துல கட்டி அனுப்பு."

விளையாட்டாகச் சொன்னாலும் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். கீழே பார்க்காமல் எப்படி இறங்குவது? அப்போது லேசாகக் காற்று அடித்தது. மேலே கொடி படபடத்தது.

"அப்பா, குட்டிப் பாப்பா எப்படிப் படி இறங்கும்?"

"பின்பக்கமா..."

"அதேதான். பின்பக்கமாத் திரும்பிக்கோ. ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடி. கண்ணு கொடி மேலேயே இருக்கட்டும். கீழே இருக்கறதை நான் பாத்துக்கறேன்."

நான் ஒரு படி கீழே நின்று அவர் ஷூவைத் தட்டினேன். "வலது." வலது கால் இறங்கியது. "இடது." இடது கால் இறங்கியது. அப்படியே இரும்புப் படிகள் அறுபத்திரண்டும்.

நடுவில் ஒரு குடும்பம் ஏறி வந்தது. "வணக்கம்!" என்றார்கள். அப்பா அண்ணாந்தபடியே, "வணக்கம்!" என்று கொடிக்குச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டுக் குட்டிப் பையன் மட்டும் தானும் பின்பக்கமாக ஏறுவேன் என்று அடம்பிடித்தான்.

கீழே வந்ததும் அப்பா கோபுரத்துச் சுவரைத் தடவிக் கொடுத்தார், நாய்க்குட்டியைத் தடவுவது போல.

நான் என் நோட்டில் இருபதாவது முத்திரையைக் குத்தினேன். மை அழகாகப் பதிந்தது.

"தம்பி, உங்க நோட்டு?" என்று ஹைதுகோவா அம்மா கையை நீட்டினார்.

அப்பா பழைய நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். "புது நோட்டு ஒண்ணு குடுங்க" என்றார்.

முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி, முத்திரையை அழுத்திக் குத்தினார். பஸ்ஸில் வீடு வரை அதை ஊதிக்கொண்டே வந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது; நானும் சொல்லவில்லை.

"வித்தெக்கிட்ட இப்ப நான் என்ன சொல்றது?" என்று கேட்டேன்.

அப்பா ஊதுவதை நிறுத்தினார். "உள்ளதைச் சொல்லு. எங்கப்பா ஒரு கோபுரம் ஏறியிருக்கார்னு சொல்லு."

மறுநாள் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணா?" என்று கேட்டுச் சிரித்தான் வித்தெக்.

"ஆமாடா, ஒண்ணு!" என்றேன். நாற்பத்தொன்று என்று சொன்னபோதெல்லாம் எனக்கு இத்தனை பெருமையாக இருந்ததில்லை. என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எந்தக் கோபுரம்?" என்று கேட்டான்.