பதினான்காம் நம்பர் பூட்டு

போன் அலறியது.

மேனேஜர் எடுத்தார்.

"சார், மூணாவது கேண்டிடேட் வந்திருக்காங்க." வரவேற்பறைப் பெண்ணின் குரல்.

"அனுப்பு."

மேஜைமேல் இரண்டு படிவங்கள். 'குழுவுக்குப் பொருந்துவாரா?' என்ற கட்டத்தில், இரண்டிலும் 'மாட்டார்' என்று எழுதியிருந்தார். இருவருமே கெட்டிக்காரர்கள்தான். அதுதான் கோளாறு. குடைந்து குடைந்து கேள்வி கேட்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

முன்பு அந்த வேலையில் இருந்த இன்ஜினியரும் அப்படித்தான். பெயின்ட் கலக்கும் ராட்சத மிஷின் பழுது, தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன், முதலாளிக்கே எழுதுவேன் என்று குதித்தான். போன மாதம் அவன் உள்ளே இறங்கிச் சோதித்துக்கொண்டிருந்தபோது மிஷின் சுழன்றுவிட்டது.

கவனக்குறைவு... விசாரணை அறிக்கை அப்படித்தான் சொன்னது. எழுதியவரே மேனேஜர்தான்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள் அவள். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை.

"உட்காருங்க. ஒரே கேள்விதான். மிஷின்ல சின்னக் கோளாறு. ஆனா மேலதிகாரி கையெழுத்துப் போடச் சொல்றார். என்ன செய்வீங்க?"

"போட்டுடுவேன் சார். பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்."

மேனேஜருக்கு மனம் குளிர்ந்தது. பேனாவைத் திறந்தார்.

"ஆனா மிஷினுக்குள்ள இறங்கச் சொன்னா, பூட்டு போட்டுட்டுத்தான் இறங்குவேன்."

பையிலிருந்து சிவப்புப் பூட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். திறந்திருந்தது. சாவி அதிலேயே செருகியிருந்தது. மிஷினுக்குள் இறங்குகிறவர் சுவிட்சைத் தன் பூட்டால் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். வெளியே இருப்பவர்கள் மிஷினை ஓட்ட முடியாது.

பூட்டில் எண் பதினான்கு.

மேனேஜர் எழுதப்போன பேனாவை நிறுத்தினார்.

"இது... அவனோட பூட்டாச்சே. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"சொல்றேன் சார். அந்தச் சாவியை உருவுங்க பார்க்கலாம்."

இழுத்தார். வரவில்லை.

"வராது. பூட்டினாத்தான் சாவி வெளியே வரும். இந்த ரகமே அப்படி."

"தெரியும். அதனால என்ன? பூட்டை மேஜையிலேயே மறந்துட்டு இறங்கினான், செத்தான். அறிக்கையில எழுதியிருக்கேனே."

"அப்போ இது?"

இன்னொரு சாவி. அதிலும் எண் பதினான்கு.

"அவர் சட்டைப் பாக்கெட்ல இருந்துச்சு. சாவி பாக்கெட்ல இருந்தா, பூட்டு பூட்டியிருந்ததுன்னு அர்த்தம். யாரோ மாற்றுச்சாவி போட்டுத் திறந்து, மிஷினை ஓட்டிட்டு, பூட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில வச்சிருக்காங்க. திரும்பப் பூட்டினாத்தான் போட்ட சாவியை உருவ முடியும்; அவசரத்துல அப்படியே விட்டுட்டாங்க, அதுதான் இதுல இருக்கு. மாற்றுச்சாவியெல்லாம் எங்க இருக்கும் சார்?"

மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சாவி. பதினான்காம் கொக்கி மட்டும் காலி.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாதமாக அவர் தூக்கத்தைக் கெடுத்த கொக்கி அது.

"நீங்க... யாரு?"

"இன்ஜினியரிங் படிச்சிட்டுப் போலீஸ்ல சேர்ந்தவ. அந்த அலமாரியை நேர்ல பார்க்கத்தான் வந்தேன்."

கதவு திறந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள்.

மேனேஜரின் கையிலிருந்த பேனா நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"வாங்க சார், நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. அங்கேயும் பூட்டெல்லாம் உண்டு... சாவி மட்டும் எங்க பாக்கெட்ல இருக்கும்."